தொம்பைத் தானியமும் இதயத்துக் கொழுப்பும்: கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி

இதயத் தசையின் மேல், அதை ஒட்டி மூடியிருக்கும் மெல்லிய உறைக்குள்ளேயே, மஞ்சள் நிறக் கொழுப்பு படிந்திருக்கிறது. நோய் நொடி இல்லாதவரின் இதயத்திலும் மேற்பரப்பின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இது மூடியிருக்கும். இதயத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இதுவே ஆகும். இறைச்சிக் கடையில் வாங்கி வந்த ஆட்டு இதயத்தை அறுத்துக் கழுவியவர்களுக்கு இது பழக்கமான காட்சி. மேலறைகளும் கீழறைகளும் சேரும் இடத்தில் சுற்றி ஓடும் பள்ளத்தில், தொட்டால் வழுக்கும் கொழுப்பு அடைத்துக்கொண்டிருக்கும். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் செல்வதும் அந்தப் பள்ளத்தில்தான். கொழுப்புக்கும் தசைக்கும் நடுவே தடுப்புச் சவ்வு எதுவும் கிடையாது. இரண்டுக்கும் ரத்தம் வருவது ஒரே தமனிகளிலிருந்து. உறைக்கு வெளியே, நெஞ்சுக்கூட்டுக்குள் சேரும் கொழுப்பு வேறு. அதற்கு ரத்தம் மார்புச் சுவரின் தமனிகளிலிருந்து வருகிறது.

ஓயாமல் துடிக்கும் இதயத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்களிலிருந்து கிடைக்கிறது. மேலே படிந்திருக்கும் கொழுப்பு அருகிலேயே உள்ள சேமிப்பு. துடிப்பின் அதிர்ச்சியிலிருந்து தமனிகளைக் காக்கும் மெத்தையும் கூட. உண்டது மிஞ்சினால் ஏற்றுக்கொள்ளவும், பட்டினி வந்தால் கொடுக்கவும் அமைந்த ஏற்பாடு இது. மிச்சத்தைவிடப் பற்றாக்குறையே அதிகமாக இருந்த நிலத்தில் இந்த ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக என்ன ஆனது என்பதைக் கள்ளக்குறிச்சியின் உணவு வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய மாரடைப்பின் கதை விளங்கும்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. பரப்பு ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். வடபகுதியான சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரம், தென்பகுதியான பெரிய கல்வராயன் 4,000 அடி. மேற்குச் சரிவு சேலத்தைச் சேர்ந்தது, கிழக்குச் சரிவு கள்ளக்குறிச்சியைச் சேர்ந்தது. கோமுகியும் மணிமுக்தாவும் இங்கிருந்துதான் இறங்குகின்றன. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்ததாகச் சொல்லும் மரபு அவர்களிடம் உண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் கையில் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சி வந்தும் போயும் மலைக்கு மேலே வரி வாங்கியதும் வெட்டி வேலை வாங்கியதும் ஜாகீர்தார்களே. 1976இல்தான் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் ஆன பிறகு நடந்த காரியம் இது.

மலையின் சாப்பாடு சாமை, தினை, கேழ்வரகு. அறுத்துக் கொண்டுவந்த தானியம் தொம்பைக்குள் போகும். மூங்கிலைப் பிளந்து ஆளுயரத்துக்கு மேல் பின்னி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, மேலே கூரை வேய்ந்த களஞ்சியம் அது. தானியத்துக்குக் குறைவில்லாத ஆண்டிலும் சோறு எளிதில் கிடைத்துவிடாது. சாமையின் உமி அரிசியோடு இறுக ஒட்டியிருக்கும். வெயிலில் காயவைத்து, உரலில் போட்டு, பெண்கள் இருவர் எதிரெதிரே நின்று உலக்கையை மாற்றி மாற்றிப் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தி எடுத்தால்தான் ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி தேறும். தவிட்டில் பெரும்பகுதி தானியத்தோடே தங்கிவிடும். கேழ்வரகு திரிகையில் அரைபட்டுக் களியாகும். தேன், கடுக்காய், புளி என்று காட்டில் எடுத்ததைத் தலைச்சுமையாகக் கீழே இறக்கி விற்று, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு திரும்பவும் மலையேற வேண்டும். சாப்பிடுவதற்கு முன்பே அதற்கான சக்தியில் ஒரு பங்கு செலவாகிவிடும் வாழ்க்கை. அடிவாரத்துச் செம்மண் காடுகளிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. கம்பு, சோளம், வரகு, கேழ்வரகு ஆகியவையே அன்றாட உணவு. நெல் ஏரிப்பாசனம் உள்ள ஊர்களின் பயிர். நெல்லுச்சோறு பல வீடுகளில் பண்டிகைச் சோறு.

பற்றாக்குறை பஞ்சமாக மாறிய ஆண்டுகளில் மிகக் கொடியது 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தின் தாலுகா. மலையின் மறுபக்கமான சேலம் மாவட்டம் மாகாணத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. ஊரூராகக் கஞ்சித்தொட்டிகள் வைக்கப்பட்டன. நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தானியம் போதும் என்பதில் அரசுக்குள்ளேயே சண்டை மூண்டது. செலவைக் குறைக்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், 1877இன் தொடக்கத்தில் ஓர் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், அதோடு சில்லறைக் காசு என்று வகுத்தார். மண் சுமக்கிறவனுக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் அந்த அளவு கைவிடப்பட்டது. ஓர் உடல் தன்னைத் தின்னாமல் உழைப்பதற்கு எவ்வளவு உணவு வேண்டும் என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் அரசு ஆவணங்களில் ஏற்றியது அந்தச் சண்டைதான்.

பஞ்சத்தில் மடிந்தவர்களின் உடல்களைச் சென்னை ராயபுரத்து நிவாரண முகாமில் அறுத்துப் பார்த்து ஆராய்ந்தவர் அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர். அவருடைய நூல் 1889இல் வெளிவந்தது. நீண்ட பட்டினியில் தோலடிக் கொழுப்பும் வயிற்றுக் கொழுப்பும் கரைந்த பிறகும் இதயத்தின் மேலுள்ள கொழுப்பு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. கடைசியில் அதுவும் வற்றி, அந்த இடம் நீர் கோத்த கூழ்போல் ஆகிவிடுகிறது. பிணக்கூறாய்வில் அதைக் கண்டால் நெடுநாள் பட்டினி அல்லது உருக்கும் நோய் என்று மருத்துவர்கள் ஊகிப்பார்கள்.

ஐரோப்பாவில் இதே கொழுப்பு அப்போது வேறொரு காரணத்துக்காகப் பேசப்பட்டது. பிரான்சின் மருத்துவர் லென்னெக் 1819இலும், லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் குவெய்ன் 1850இலும் இதயத்தின் மேல் கொழுப்பு மிகுவதையும், இதயத் தசையே கொழுப்பாகச் சிதைவதையும் பிரித்துக் காட்டினார்கள். கொழுத்த இதயம் என்பது வசதி படைத்தவரின் வியாதியாகவே அங்கே பார்க்கப்பட்டது. பிறகு தமனி அடைப்பு பற்றிய அறிவு வளர்ந்து, மருத்துவத்தின் கவனம் குழாயின் உட்சுவருக்குள் போனது. வெளியே ஒட்டியிருந்த கொழுப்பை அறுவை மருத்துவர்கள் நூறாண்டுக்கும் மேலாக ஒதுக்கித் தள்ள வேண்டிய பொருளாகவே கண்டார்கள். ஆய்வுக்கூட எலிகளின் இதயத்தில் இந்தக் கொழுப்பு மிகச் சொற்பம் என்பதும் இந்த அலட்சியத்துக்கு உதவியது.

இதற்கிடையில் தென்னார்க்காட்டின் நிலம் மாறத் தொடங்கியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேர்க்கடலை, இந்தப் பக்கத்து வழக்கில் மல்லாட்டை, மானாவாரிக் காடுகளைப் பிடித்துக்கொண்டது. புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்சேய் துறைமுகத்துக்கு அது கப்பல் கப்பலாகப் போனது. எண்ணெய் வித்தை விளைவித்த வீட்டில் எண்ணெய் பெருக அது வழிசெய்யவில்லை. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தாளிப்பதற்கு ஒரு கரண்டி என்ற அளவிலேயே நெடுங்காலம் இருந்தன. பெரிய மாற்றம் தண்ணீரோடும் அரிசியோடும் வந்தது. 1960களில் கச்சிராயப்பாளையம் அருகே கோமுகி அணை எழுந்தது. கிணறுகளில் மின்மோட்டார், உயர்விளைச்சல் நெல், கரும்பு, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், கள்ளக்குறிச்சியைச் சுற்றி நவீன அரிசி ஆலைகள். ஆலை தவிட்டை முழுதாக உரித்தது. உரலும் உலக்கையும் திண்ணைக்குப் போயின. கம்பும் வரகும் ஏழைச் சாப்பாடு என்று பெயர் வாங்கின. பசியாற நெல்லுச்சோறு கிடைத்த தலைமுறை அதை வெற்றியாகக் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் குறை காண்பது பட்டினியை அறியாதவர்களுக்கு மட்டுமே எளிது.

மலைக்கு மேலே அதே மாற்றம் மரவள்ளிக் கிழங்கின் வழியாக வந்தது. 1940களில் சேலத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் வளர வளர, ஆத்தூர் பக்கத்து ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. சரிவு நிலத்திலும் மானாவாரியிலும் விளையும், ரொக்கம் தரும் பயிர் என்பதால் சாமையும் தினையும் நின்ற கொல்லைகளில் மரவள்ளி ஏறியது. கிழங்கை விற்ற காசோடு சாலை வழியே கடைச்சரக்கு வந்தது. ரேஷன் கடை அரிசி 2006இல் கிலோ 2 ரூபாய்க்கும், 2008இல் 1 ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் கிடைத்தது. 2007இல் பாமாயிலும் மானிய விலையில் சேர்ந்தது. தொம்பையில் தானியம் தீர்ந்து அடுத்த அறுப்புக்குக் காத்திருக்கும் மாதங்கள் இந்த ஏற்பாட்டால்தான் மறைந்தன. தமிழ்நாட்டின் பொது விநியோகத்தைப் போற்றுகிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதே நேரத்தில், பஞ்சத்துக்கென்று பழகிய உடலுக்கு ஆண்டு முழுதும் தீட்டிய அரிசி வந்து சேர்ந்தது. அதைச் செரிக்க வைத்த உழைப்பு, இருசக்கர வாகனமும் ஆலையும் மின்மோட்டாரும் வந்த பிறகு, படிப்படியாகக் கழன்றுபோனது.

தென்னிந்தியரின் இதயம் பற்றிய முதல் பெரிய அதிர்ச்சி ரயில்வே பதிவேடுகளிலிருந்து வந்தது. மேற்கு ரயில்வேயின் மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களின் நோய், இறப்புப் பதிவுகளைத் தொகுத்து 1967இல் வெளியிட்டார். இதய நோயால் இறந்தவர்கள் தெற்கில் லட்சத்துக்கு 135 பேர். பஞ்சாப் பக்கத்தில் 20 பேர். நெய்யும் வெண்ணெயும் தாராளமாகச் சாப்பிட்டவர்கள் வடக்கத்தியர். அவர்களைவிடப் பல மடங்கு குறைவாகக் கொழுப்பு உண்ட தென்னாட்டு ஊழியர்களே ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாக மடிந்தார்கள். உணவுக் கொழுப்புதான் மாரடைப்பின் வேர் என்று மேலை உலகம் நம்பிய காலத்தில் இது புரியாத கணக்கு. மல்ஹோத்ரா தாமே சொன்ன விளக்கங்கள், பால் கொழுப்புக்கும் விதை எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு, நார் நிறைந்த உணவை மென்று தின்னும் பழக்கம் போன்றவை, முழுதாக நிலைக்கவில்லை. ரயில்வே பதிவேடு ஊர் மக்கள் அனைவருக்குமான கணக்காகவும் ஆகாது. ஆனாலும் தட்டில் இருக்கும் கொழுப்பும் இதயத்தைப் பிடிக்கும் கொழுப்பும் ஒன்றல்ல என்ற சந்தேகத்தை எழுப்பிய முதல் இந்தியக் கணக்கு அது.

புதிருக்கான ஒரு திறவுகோல் புனேயிலிருந்து வந்தது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்த புனேக் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும்தான் குறைந்திருந்தன. முதுகுத் தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. இந்த ஆய்வை நடத்திய சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004இல் தங்கள் இருவரின் படத்தையும் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. உடலில் கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. தாயின் கருவிலேயே பற்றாக்குறையைச் சந்தித்த உடல், தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காக்கப் பழகுகிறது என்பது யாக்னிக்கின் வாதம். தோலடியில் இடம் குறைவாக உள்ள இத்தகைய உடலில் மிஞ்சிய சக்தி கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் இதயத்தைச் சுற்றியும் போய்ச் சேருகிறது.

சோறு எப்படிக் கொழுப்பாகிறது என்பதற்கு விடை கல்லீரலில் இருக்கிறது. தீட்டிய அரிசியின் மாவுச்சத்து விரைவாகச் சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும். இன்சுலினும் உடனே ஏறும். தசை உழைத்துக்கொண்டிருந்தால் சர்க்கரையை அது எடுத்துக்கொள்ளும். உழைக்காத, அளவிலும் சிறிய தசை எடுக்காத மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்பிவிடுகிறது. சென்னையில் சர்க்கரை நோய் மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்திய ஆய்வுகளில் நகரத்தாரின் அன்றாடச் சக்தியில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே, அதிலும் பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்தே வந்தது. அதே குழுவினர் தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் செய்த கணக்கெடுப்பில், 20 வயதைக் கடந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்குக் கரோனரி நோய் இருந்தது. 2001இல் வெளியான எண் அது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, பிற நாட்டவருக்கு ஏறக்குறைய 59இல் என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது.

இதயத்தின் மேலுள்ள கொழுப்பு மறுபடியும் கவனத்துக்கு வந்த ஆண்டு 2003. இத்தாலியரான ஜான்லூக்கா யாகோபெல்லிஸ், சாதாரண எக்கோ கருவியிலேயே வலது கீழறையின் முன்சுவரில் இந்தக் கொழுப்பின் தடிப்பை அளக்கலாம் என்று காட்டினார். சிலருக்கு அது ஒரு மில்லிமீட்டர், சிலருக்கு இருபதுக்கும் மேல். அதே ஆண்டு மசூரெக் என்பவரின் குழு கரோனரி பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 42 பேரிடம் இரண்டு கொழுப்புகளை ஒப்பிட்டது. மாற்றுக் குழாய்க்காகக் காலிலிருந்து சிரை எடுக்கும்போது கிடைத்தது ஒன்று. இதயத்தின் மேலிருந்து எடுத்தது மற்றொன்று. இதயக் கொழுப்பில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பல மடங்கு கூடுதல். ஆள் பருமனா ஒல்லியா, சர்க்கரை நோய் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து அது மாறவில்லை. தடுப்புச் சவ்வு இல்லாததால் இந்தப் பொருள்கள் வெளியிலிருந்து தமனிச் சுவருக்குள் ஊறிச் செல்ல வழி இருக்கிறது. பலரின் கரோனரி தமனியில் ஒரு துண்டு மட்டும் கொழுப்பை விட்டு இறங்கித் தசைக்குள் புதைந்து ஓடுவதுண்டு. தமனி முழுவதும் அடைப்புப் படிந்தாலும் அந்தத் துண்டு பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கிறது. தசையின் அழுத்தம் போன்ற வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. என்றாலும் கொழுப்பின் மேல் உள்ள குற்றச்சாட்டுக்கு இதைவிடக் கண்கூடான சாட்சி குறைவு.

ஜெர்மனியில் 4,000க்கும் மேற்பட்டோரைச் சி.டி. ஸ்கேன் செய்து எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. இந்தக் கொழுப்பின் அளவு இரு மடங்கானால் மாரடைப்பு போன்றவற்றின் ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது என்றது அது. ஆக்ஸ்ஃபோர்டில் சரலம்போஸ் அந்தோனியாதிஸ் குழுவினர் கதையின் மறுபாதியைச் சேர்த்தார்கள். தமனியில் அழற்சி வந்தால் சுற்றியுள்ள கொழுப்பின் தன்மையும் மாறுகிறது. ஸ்கேனில் அந்த மாற்றத்தைப் படித்து அழற்சியை முன்கூட்டியே காண முடிகிறது. ஆக, கொழுப்பு குற்றவாளி மட்டும் இல்லை, சாட்சியும்தான். எது முதல், எது பின் என்ற வழக்கு ஆய்வாளரிடையே இன்னும் நடக்கிறது.

இந்த ஆய்வுகள் வளர்ந்துவந்த காலத்திலேயே கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அதன் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. 2023 ஜூன் 27இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம் மலைக்கு இன்னும் நேரடியாகப் பொருந்துவது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு அது. மலைமேலுள்ள வெள்ளிமலையிலிருந்து வளைவு வளைவாக இறங்கிச் சமவெளியைத் தொடுவதற்குள் கழியும் நேரத்தில் ரத்த உறைகட்டி வளராமல் தடுப்பதே அதன் நோக்கம்.

எடை குறைந்தால் இதயத்தின் மேலுள்ள கொழுப்பும் குறைகிறது. மூச்சு வாங்கும் அளவுக்கு நடப்பதும் உழைப்பதும் அதைக் குறைக்கின்றன. சர்க்கரை நோய்க்கான புதிய மருந்துகள் சிலவும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எக்கோவில் அதை அளக்கும் வழக்கம் அன்றாட மருத்துவத்தில் இன்னும் இல்லை. அதற்கு மாற்றாகப் பயன்படுவது இடுப்புச் சுற்றளவு: இந்தியருக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. உடல் நிறைக் குறியீட்டிலும் 25க்குப் பதிலாக 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. சிறுதானியம் மறுபடியும் மதிப்புப் பெற்றிருக்கிறது. 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகள் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கின. கடைகளில் இப்போது பொட்டலத்தில் கிடைக்கும் சாமையோ பெரும்பாலும் ஆலையில் தீட்டி வெளுத்தது. உரலில் குத்திய சாமையில் தங்கிய தவிடு அதில் குறைவு.